இராமலட்சுமி சொன்ன பெயர்

தென்காசியில் விஸ்வநாதனைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவருடைய ஒரு பெருமையும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி இராமலட்சுமி அவர் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையானாலும் வங்கியானாலும், புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள், அவர் சொல்லிவிடுவார். இதற்கென்றே நாத்தனார் லோகநாயகி கூடவே போய்வருவாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்று யாராவது வியந்தால் போதும், விஸ்வநாதன் மீசையைத் தடவிக்கொள்வார். மனிதருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த இராமலட்சுமிக்கு வயிற்றில் கட்டி எடுத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர். பெண்கள் வார்டு என்பதால் விஸ்வநாதன் வாசலில் நின்றார். லோகநாயகி காபி வாங்கப் போயிருந்தாள்.

நர்ஸ் ஜெனி ரத்தப் பையோடு வேகமாக வந்தாள். வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்திதான். குற்றாலத்தில் சீசன், பாறையில் வழுக்கி விழுந்தவர்களே பாதிக் கட்டிலை நிறைத்திருந்தார்கள். நோயாளி கையில் பெயர்ப்பட்டை கட்ட வேண்டும் என்பதெல்லாம் அங்கே சுவரில் ஒட்டிய தாளோடு சரி. இராமலட்சுமிதானே, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று ஜெனி கேட்டாள். இராமலட்சுமி வழக்கம்போல் பக்கத்தைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் ஒரு இராமலட்சுமி, வடகரைக்காரி. அவள் மகள், தன் அம்மாவைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, "குத்தாலிங்கம்" என்று பளிச்சென்று சொன்னாள். பையில் எழுதியிருந்ததும் அதே பெயர்தான். ஜெனி பையைத் தொங்கவிட்டுக் குழாயை மாட்டினாள்.

அந்தப் பையில் இருந்தது வடகரைக்காரிக்கு வந்த ஏ வகை ரத்தம். நம் இராமலட்சுமிக்கோ ஓ வகை. ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அது அவுக இல்லை என்று இராமலட்சுமி முனகினாள். பயப்படாமல் படுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெனி குழாயைத் திறக்கப் போனாள். அப்போதுதான் அந்தக் குரல் வாசல் வரை கேட்டது.

"நிறுத்துட்டி. எம் புருசன் பேரு விஸ்வநாதன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. ஜெனி பையை மறுபடி படித்தாள். முகம் வெளுத்துப்போய்க் குழாயைக் கழற்றினாள்.

என்ன நடக்கவிருந்தது என்று தெரிந்ததும் விஸ்வநாதன் பயந்துபோனார். கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்துக்குள்ளேயே மனைவியை நினைத்து ஒரு பெருமிதமும் பொங்கி வந்தது. இத்தனை வருஷம் எதையெதையோ பெருமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் ஓடிவந்து, ஒன்றும் ஆகவில்லையே அண்ணாச்சி, இத்தோடு விட்டுவிடுவோமே என்று குழைந்தார். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

"ஆகாம பாத்தது நீங்க இல்ல, எம் பொண்டாட்டி. அந்தப் பிள்ளை ஒருத்தி தலையில இத்தனை கட்டிலைக் கட்டுனது நீங்கதான? புகாரை உங்க பேர்லதான் குடுக்கப்போறேன்."

சொன்னபடியே கொடுத்தார். அன்றே எல்லோர் கையிலும் பட்டை ஏறியது.

சாயங்காலம் சரியான ரத்தத்தை டாக்டரே கொண்டுவந்தார். விஸ்வநாதன் கட்டிலருகே நின்றார். பெண்கள் வார்டு என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. டாக்டர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும், லோகநாயகி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு," என்றார் விஸ்வநாதன். "அவ சொல்லுவா."

இராமலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.