மேலாக ஒரு வாய்

இந்த வருடம் முதல் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடிருப்பதைக் கையெழுத்துப் போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை ஏந்திக்கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தால் போதும். வனஜாவுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. பயம்தான் இருந்தது. அவள் கணவர் தணிகாசலத்துக்குக் கை நடுக்கம்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த கை அது. மடியில் கிடக்கும்போது பரம சாது. எதையாவது எடுக்கப் போனால்தான் ஆட்டம். "உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா விட்டும் போகாது" என்று டாக்டர் சொல்லி ஒன்பது வருடமாகிறது. அன்று முதல் சட்டைப் பொத்தான் போடுவது, முகம் மழித்துவிடுவது எல்லாம் வனஜாதான். பாதி டம்ளர் காபி கொடுத்தால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். அதனால் நிறைய ஊற்றி, அவர் கண்ணெதிரிலேயே மேலாக ஒரு வாய் தான் குடித்துவிட்டுக் கொடுப்பாள். அதற்கு மட்டும் அவர் கோபித்ததில்லை.

ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு சிப்பந்தி டம்ளரை விளிம்பு வரை நிரப்பினார்.

"இது அவரோடது. அவர்தான் தொடணும். துணைக்கு வந்தவங்க பெஞ்சில உக்காருங்க."

"சிந்தினா?" என்றாள் வனஜா.

"தூரம் கூடும்."

"எல்லாம் சிந்திட்டா?"

சிப்பந்தி கவுண்டரைக் காட்டினார். முன்னால் போனவருடைய சட்டையும் வேட்டியும் அங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே மூக்குக்கண்ணாடி. ஆளைக் காணோம்.



கவுண்டர் பன்னிரண்டு தரைக்கல் தள்ளி இருந்தது. தணிகாசலம் டம்ளரைத் தூக்கினார். மூன்று சொட்டு விழுந்தது. கவுண்டர் பதினைந்து கல் தள்ளிப் போனது. ஓர் அடி வைத்தார். இன்னும் சிந்தியது. இருபத்தாறு. கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மாள் இப்போது கட்டைவிரல் அளவுதான் தெரிந்தாள்.

"வனஜா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஒன்பது வருடப் பழக்கமும் லேசுப்பட்டதில்லை. அவள் ஓடிப்போய்க் குனிந்து, மேலாக ஒரு வாய் உறிஞ்சிவிட்டாள். பயத்தில் வாய் பெரிதாகிவிட்டது. பாதி டம்ளர் காலி.

தண்ணீர் தொண்டையில் இறங்கியதும், தான் ஒருநாளும் உட்கார்ந்திராத, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பாயிலிருந்து தன்னையே பார்த்தாள். பச்சைப் புடவை கட்டிய பெண் காபித் தட்டோடு வருகிறாள். கை வெடவெடக்கிறது. பாவம், இந்தப் பெண்ணுக்கு இனி பயமே வரக்கூடாது என்று யாரோ நினைத்தார்கள். அந்த நினைப்பும் அவள் வயிற்றுக்குள் போய்விட்டது.

தணிகாசலம் கவுண்டரை நோக்கி நடந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கை ஆடவே இல்லை.

கவுண்டர் அம்மாள் டம்ளருக்குள் அளவுகோலை விட்டாள்.

"பாதிதான் இருக்கு."

"மீதிய நான் குடிச்சிட்டேம்மா," என்றாள் பின்னாலேயே ஓடிவந்த வனஜா.

"துப்புறீங்களா?"

"முழுங்கிட்டேன்."

"சரி, விடுங்க. இருக்கிறது வரைக்கும் சான்று தரோம்."

முத்திரை விழுந்தது. சான்றைப் பெற்றுக்கொண்டதற்குத் தணிகாசலம் பதிவேட்டில் நேர்க்கோடு மாதிரி கையெழுத்துப் போட்டார். பிறகு திரும்பி வனஜாவை மரியாதையாகப் பார்த்தார்.

"வெளிய போற வழி எதும்மா?"

"என்னங்க..."

"நீங்க யார்கூட வந்தீங்க?"

அவளுக்குக் கத்தத் தோன்றியது.  அதற்குள் சிப்பந்தி அவளை வாசல் பக்கம் நகர்த்தி நிறுத்தி, கையில் இன்னொரு டம்ளரைத் திணித்தார். விளிம்பு வரை தண்ணீர்.

"குடிச்சவங்களும் கொண்டுபோய் வைக்கணும். இது உங்களோடது."

வனஜாவின் கை வெடவெடத்தது. வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த தணிகாசலத்தின் முன்னால் டம்ளரை நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தால் போதும். எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

"மேலாப்ல ஒரு வாய் குடிங்க. ஒரே ஒரு வாய்."

அவர் கூச்சத்தோடு ஓரடி பின்வாங்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அடுத்தவங்க டம்ளர்ல நான் வாய் வைக்கிறதில்ல."

முதல் சொட்டு விழுந்தது. கவுண்டர் ஒரு கல் தள்ளிப் போனது.