பட்டை மூடிய பாத்தி

ஆலை அடுப்புக்குப் போகும் தைலமரக் கட்டைகளுக்குப் பட்டை உரிப்பதுதான் மார்கழியிலிருந்து இருதயம்மாளுக்கு வேலை. கத்தி முனையை நுழைத்து நெம்பினால் முழ நீளத்துக்குக் கழன்று வரும். கட்டை உள்ளே போகும். பட்டை ஓடைச்சரிவில் குவியும். தேவிகுளத்துக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அதை யாரும் சீந்துவதில்லை.

வேலை விட்டதும் குவியலின் அடியிலிருந்து, ஐப்பசி மழையில் ஊறிக் கறுத்த பட்டையாகப் பார்த்து ஒரு கூடை எடுத்துக்கொள்வாள். முதலில் புதுப்பட்டையைப் போட்டு நாற்றுகள் கருகிப்போயிருந்தன. இப்போது பழசை நொறுக்கி, குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினாள். விடியலில் உறைபனி, பகலில் சுடுவெயில். பக்கத்துப் பாத்திகளெல்லாம் காய்ந்து கிடந்தன. இவளுக்கு அரிசி களைந்த தண்ணீரே போதும். பட்டையை விலக்கினால் மண் குளிர்ந்திருந்தது.

கீரை அவள் புருஷன் வேதமுத்துவின் கண்ணுக்கு. கார்த்திகையிலிருந்து பொழுது சாய்ந்தால் அவனுக்குப் பார்வை மங்கிவிடும். தேயிலைச் செடி கவாத்து வெட்டிவிட்டுத் திரும்புகையில் இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தான். "மாலைக்கண்ணு. தெனம் கீரை தின்னு" என்றார் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரெசர். கங்காணிக்குத் தெரிந்தால் வேலைக்கணக்கிலிருந்து பேரை வெட்டிவிடுவார். பேர் போனால் லயத்து அறையும் போய்விடும். அதனால் தினமும் அவள் பாதை முக்கில் காத்திருந்து முன்னால் நடப்பாள். பேசிக்கொண்டு வருகிறவன்போல அவன் அவள் முந்தானை நுனியைப் பிடித்து வருவான்.

பங்குனியில் ஒருநாள் அந்திக்கருக்கலில் நின்றான். "ஏட்டி, எதுத்தாப்ல நிக்கது மாடுதானே?"

மாடுதான். அவன் கையை ஒருதரம் இறுகப் பிடித்துவிட்டு நடந்தாள்.

அந்த வாரம் குதிரையில் போன துரைச்சாணி, எஸ்டேட் துரையின் பெண்சாதி, லயத்துக்குப் பின்னால் தெரிந்த பச்சையைப் பார்த்து நின்றாள். பங்களாவில் அவளுடைய ரோஜாக்கள் வாடிக்கொண்டிருந்தன. மறுநாள் பங்களாத் தோட்டக்காரர் மொக்கையன் கூடைகளோடு வந்தார்.

"பட்டை பூராவும் பங்களாவுக்காம் தாயி. இனி யாரும் தொடப்படாதுன்னு உத்தரவு."

"அதான் மலைமாதிரி கெடக்கே அண்ணாச்சி. அள்ளிட்டுப் போங்க."

அவர் பாத்தியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அங்க அடியில இருந்ததை அள்ளியாச்சு, மிச்சம் கெடக்கது பச்சைப் பட்டை. மக்குனது இதுதான். இதையும் அள்ளச் சொல்லிட்டாக."

"எங்க வீட்டுக்காரவுக கண்ணுக்குன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கண் என்ற பேச்சு கங்காணி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

"என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

அவளே அள்ளினாள், அவளே சுமந்தாள். பக்குவம் தெரிந்தவள் என்று அவளையே பங்களா வேலைக்குப் போட்டார்கள். ரோஜாத் தூரை ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டு, சீராகப் பரப்பினாள். ஏனோதானோவென்று செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

பத்தே நாளில் லயத்துப் பாத்தி பாளம் பாளமாக வெடித்தது. கீரைத்தண்டுகள் நின்றவாக்கிலேயே வெளுத்தன. சித்திரை பிறந்தபோது வேதமுத்து மறுபடியும் சுவரைத் தடவ ஆரம்பித்திருந்தான்.

பங்களாவில் ரோஜா துளிர்த்தது. அதன் அடியில், பட்டைக்கு நடுவே, பச்சைப்பசேலென்று நெருக்கமாக வேறொன்றும் முளைத்திருந்தது. விதைக்கு விட்டிருந்த அவளுடைய செடிகளிலிருந்து உதிர்ந்து, பட்டையோடு வந்த விதை.

"கீரைதான். ஆனா இங்க அது களை" என்றார் மொக்கையன். "துரைச்சாணி பாக்குறதுக்குள்ள பிடுங்கிரு தாயி."

குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வேர் அறாமல் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பங்களா கேட்டில் காவல்காரன் வழக்கம்போல அவளை நிறுத்தினான். "மடியை உதறு."

"களைதான்யா."

"எதுவானாலும் பங்களாச் சாமான். உதறு."

உதறினாள். சரளைக்கல் பாதையில் கீரைக்கன்றுகள் சிதறி விழுந்தன. வேர்களில் பட்டைத்தூள் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.