பொட்டு வைத்த இன்ஜின்

தேவாவைக் கேட்டால், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் இன்ஜின் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பான். பாதி உண்மை. சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஆனால் தங்கை ரஞ்சிதா முகத்தைச் சுளித்தால் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

ரஞ்சிதாவின் புருஷன் அரசு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் ஃபைபர் போட் வைத்திருந்தான். அதன் டீசல் இன்ஜின் ஒரு மாதமாக இழுவை இல்லாமல் திணறியது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே தேவா வந்து, வீட்டு வாசலில் அதைப் பிரித்துப் போட்டான். வால்வைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. புதியதைச் செங்கல்பட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தான். இந்த மாடலுக்கு உள்ளதுதானா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "உக்காரும், எடுத்துனு போ" என்றிருந்தார். அவர் சொன்னபடி இடத்தில் பொருந்தி உட்காரத்தான் செய்தது.

கேம் மாற்றினால் தேவா எப்போதும் ஒரு சோதனை செய்வான். பிஸ்டன் தலையில் பிசைந்த கோதுமை மாவை அப்பி, மேல்மூடியான ஹெட்டை மூடி, சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி திறந்து பார்ப்பான். வால்வு இறங்கும்போது பிஸ்டனுக்கும் அதற்கும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று மாவில் பதிந்திருக்கும். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் இன்ஜினுக்குப் பொட்டு வைத்தாக வேண்டும் என்று ரஞ்சிதா வந்து வந்து நின்றாள். வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் தகடு விட்டுப் பார்த்தான். கேப், அதாவது இடைவெளி, சரியாக இருந்தது. மூடிவிட்டான். அது வால்வு மூடியிருக்கும்போது பார்க்கிற கேப். திறந்து இறங்கும்போது இடிக்குமா என்று அது சொல்லாது. இது அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ரஞ்சிதா சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் போனாள். அப்புறம் சாமான்களைத் துடைத்து வைக்கும்போதுதான், தேவா பழைய கேமின் மேட்டை அளந்தான். புதியதை மாட்டுவதற்கு முன்பே அளந்திருந்தான். புதியதுதான் முக்கால் மில்லி கூடுதல் உயரம். பழையது தேய்ந்ததால் வந்த வித்தியாசமாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வேறு மாடலின் சாமானாகவும் இருக்கலாம். எது என்று தெரிய ஒரே வழி, ஹெட்டைத் திறந்து மாவு வைத்துப் பார்ப்பது.

ஆனால் பொட்டு வைத்த இன்ஜினை, ஒரு தடவையாவது கடலுக்குப் போய் வருவதற்குள் திறப்பது அந்தக் குப்பத்தில் ஆகாது. ரஞ்சிதாவின் மாமியார் வீட்டு ஜனம் பேசும். ரஞ்சிதா முகம் எப்படிப் போகும் என்று தேவா யோசித்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி ஒரு மாரி கீது?" என்று கேட்டபடி அரசு வந்தான்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. பசி."

வாயில் வந்தது அவ்வளவுதான். ஊரையே அதட்டுகிற வாய்.

இன்ஜினைக் கிளப்பினார்கள். கரையில் நிதானமாக ஓடியது. அரசு சந்தோஷத்தில் தேவாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். மெதுவாக ஓடும்போது மயிரிழை இடம் இருந்தாலும் வால்வு தப்பித்துக்கொள்ளும். முழு வேகத்தில் அந்த மயிரிழையும் மிஞ்சாது.

மறுநாள் விடியற்காலையில் அரசுவும் அவன் பங்காளி மூர்த்தியும் போட்டைத் தள்ளினார்கள். தேவா மணலில் நின்று பார்த்தான். முதல் அலையைத் தாண்டினார்கள். பெரிய அலை எழும்பியபோது அரசு இன்ஜினை முழுசாக முடுக்கினான். ஒரு இரும்புச் சத்தம் கரைக்கே கேட்டது. அதோடு இன்ஜின் நின்றது. போட் குறுக்கே திரும்பியதும் அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டது. மூர்த்தி நீந்தி வந்தான். அரசு வரவில்லை. இரண்டு நாள் கழித்து முட்டுக்காட்டுப் பக்கம் உடல் ஒதுங்கியது.

இன்ஜினைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் ரஞ்சிதா அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் என்னாலதாண்ணா. நான் கற்பூரம் காட்டறப்பவே பத்தர தாண்டிட்ச்சாம். எங்க மாமியா சொல்லிகினு கீது. ராகு காலத்துல பொட்டு வெச்ச இன்ஜின்ல நானே அவர அனுப்பி வெச்சிட்டேன்."

சாப்பிடாமல் கிடந்து கண் உள்ளே போயிருந்தது. தேவாவுக்கு மனசு ஆறவில்லை. ஸ்பேனரை எடுத்து ஹெட்டைக் கழற்றினான். உப்புத் தண்ணீர் வழிந்தது. வால்வு வளைந்து கிடந்தது. பிஸ்டன் தலையில் அரை வட்டமாக ஆழமான வெட்டு. கடல்மேல் பழி போட்டிருக்கலாம், ராகு காலத்தின்மேல் போட்டிருக்கலாம், கடைக்காரர்மேலும் போட்டிருக்கலாம். எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள்.

"ராகு காலம் இல்ல ரஞ்சி. நான்தான்" என்றான். அளந்ததையும், மாவு வைக்காததையும், சந்தேகம் வந்தும் வாய் திறக்காததையும் ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் அந்த வெட்டில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சி. நீ பொட்டு வெச்சிட்ட. தொறந்தா உன் மனசு கஷ்டப்படும்னு..."

"அவரு என் புருஷன்ணா" என்றாள் ரஞ்சிதா. குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே உன் கைல ஸ்பேனர எடுத்துக் குடுத்திருப்பனே."