ஒப்பிடக் கொடுத்த ரத்தம்

ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பரிசோதனை வந்தால், அதை நோயாளிக்கு முதலில் செய்ய மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அந்த ஒருவரைத் தேடி வெளியே அலைய யாருக்குப் பொறுமை? அங்கே வேலை செய்கிறவர்களே கையை நீட்டிவிடுவார்கள். விதிப்படி தப்புத்தான். ஆனால் எல்லாரும் செய்ததுதான்.

இம்முறை குடல் புற்றுநோய்க்கான மரபணுச் சோதனை. கை நீட்டியது அவள்.

"அக்கா ரத்தம் சொக்கத் தங்கம்!" என்று ஊசி குத்தினான், கூட வேலை செய்யும் வாயாடி.

முடிவு வந்ததும் அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். சுத்தமாக இருக்க வேண்டிய ரத்தத்தில் ஒரு மரபணு பழுது என்றது திரை. அந்தப் பழுதோடு பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே குடலில் புற்று வர வாய்ப்பு அதிகம்.

"வேற ஏதாவது கலந்திருக்கும்க்கா. தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஓட்டலாம்."

அவளும் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் ரத்தம் எடுத்து, ஒவ்வொரு சொட்டையும் தானே விட்டு ஓட்டினாள். அன்றைக்கென்று பார்த்து இயந்திரம் ஆமையாய் ஊர்ந்தது.

அதே பழுது, அதே இடத்தில்.

தலைமை மருத்துவர் உட்கார வைத்துப் பேசினார்.

"இன்னொரு லேப்லயும் உறுதி பண்ணிக்கலாம்மா. உனக்கு இருந்தா, கூடப் பிறந்தவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரம் பாத்துட்டா பெரிசாகாம தடுத்துடலாம். முதல்ல அவங்ககிட்ட சொல்லு."

கூடப் பிறந்தது ஒரே அண்ணன். மாடிப்படியில் நின்றுகொண்டு போனில் கூப்பிட்டாள்.

"என்ன, வேலை நேரத்துல? லேப்ல ஆள் கிடைக்கலயா? என் கையை விட்டுடு தாயே!" என்று சிரித்தான். ஊசி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற மனுஷன்.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "பயமா இருக்குண்ணா," என்றபோது குரல் உடைந்தது. கேலி பேசியாவது தேற்றுவான் என்று காத்திருந்தாள். மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணா?"

"எனக்கு மலத்துல ரத்தம் போகுது," என்றான் மெதுவாக. "ரெண்டு மூணு மாசமா."

"ஏண்ணா என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா டெஸ்ட் எடுத்துடுவியே," என்றான் அண்ணன்.