முப்பது முழு ஓடுகள்

காலை ஒன்பது மணிக்கு, வடதுருவப் பக்கத்து எங்கள் ஊர் வானொலியில் எனக்கு நன்றி சொன்னார்கள். "சிப்பி குடுத்த லிட்டியாவுக்கு நன்றி. எங்க வீட்ல எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம்." அடுத்து இன்னொரு வீட்டிலிருந்து அதே நன்றி. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நான் யாருக்கும் சிப்பி கொடுக்கவில்லை.

பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊர்ப் பொது ஃப்ரீசருக்கு ஓடினேன். வேட்டைக்குப் போனவர்கள் இறைச்சியும் மீனும் அதில் போட்டு வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். அதைப் பார்த்துக்கொள்பவன் என் கணவரின் தம்பி புட்டுலிக். வாசலில் நின்று தன் பனிவண்டியின் முன்கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்ட அவனிடம் இருப்பது ஒரு பழைய சிப்பி ஓடு. அவன் மகள் பிறந்த வருஷம் எடுத்தது, பன்னிரண்டு வருஷமாக அதே ஓடுதான்.

"என் பை எங்கடா?"

"எந்தப் பை, அண்ணி?"

"சிப்பிப் பை. பெருசா என் பேர் எழுதியிருந்தேனே."

"பேர் இருந்ததாலதான் எடுத்துக் குடுத்தேன். பேர் இல்லாட்டி யாருக்கு நன்றி சொல்றது? எத்தனை பேர் உன்னை வாழ்த்திட்டுப் போனாங்க தெரியுமா?"

அவன் சொன்னது சரி, அதுதான் எனக்கு எரிச்சல். அந்த ஃப்ரீசரில் பையின்மேல் பெயர் இருந்தால், கொடுத்தவர் அவர் என்று அர்த்தம். வீட்டு ஃப்ரீசரை என் வீட்டுக்காரர் கலைமான் தொடைகளால் அடைத்துவிட்டார் என்று இரண்டே நாளுக்கு இங்கே வைத்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், பெயரையும் எழுதி வைத்தேன். யாரைத் திட்டுவது?

அவை தின்பதற்கு எடுத்தவை அல்ல. மார்ச்சில் கடல் நன்றாக வற்றும் நாளில், கடல்மேல் உறைந்த பனித்தளத்தை வெட்டி, அடியில் தண்ணீர் விலகிய இடத்தில் இறங்குவோம். அரை மணி நேரம்தான், தண்ணீர் திரும்புவதற்குள் ஏறிவிட வேண்டும். ஆறு வருஷமாக ஒரே பாறையிலிருந்து சிப்பி எடுத்துத் தெற்கே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பனியில் துளை போட்டுப் புட்டி இறக்கித் தண்ணீரும் எடுக்கிறேன். கடலின் அமிலப் புளிப்பு வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. ஒரு வருஷம் ஓடு வராவிட்டாலும் எங்கள் ஊரை ஆய்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருக்கிறார்கள். விமானம் மூன்று மணிக்கு. இனி கடல் அப்படி வற்றுவதற்குள் பனி உடைந்துவிடும்.

"கடல் புளிச்சுப்போச்சுன்னு நீயும் ஆறு வருஷமா சொல்றே. நக்கியே பாத்துட்டேன் அண்ணி. உப்பாத்தான் இருக்கு."

"நாக்குக்கு எப்படிடா தெரியும்? ஊர் உலகத்துப் புகையெல்லாம் கடல்ல கரையுது. சில்லுனு இருக்கிற தண்ணி இன்னும் அதிகமா இழுத்துக்குது. அப்புறம் ஓடு கட்டச் சுண்ணாம்புக்குச் சிப்பி எங்க போகும்? எத்தனை தடவை சொல்றது?"

"புகை அவங்களுது, வேலை மட்டும் உனக்கா?"

"வாயை மூடிட்டு வண்டியை எடு."

ஆய்வுக்கூடத்து ஜெனவியேவைத் தொலைபேசியில் பிடித்தேன். சதை போனால் பரவாயில்லை, வேகவைத்த ஓடும் ஆகும், ஆனால் முழுசாக முப்பதாவது வேண்டும் என்றாள். ஆக, வீடு வீடாகப் போய்க் குப்பை கேட்டேன். எந்த வீட்டிலும் முதலில் நன்றி, பிறகு உட்காரச் சொல்லித் தேநீர். குப்பைப் பையைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் நாய் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. புட்டுலிக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அலாசி அக்கா.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்றாள்.

"ஓடு மட்டும் போதும் அக்கா."

"தாராளமா எடுத்துக்கோ. ருசியெல்லாம் சரிதான். ஆனா கடிச்சா வாயெல்லாம் நறநறன்னுது. கழுவி வெச்சிருக்கக் கூடாதா?"

"கழுவித்தான் வெச்சேன்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். இருந்த கடுப்பில் அதற்கு மேல் எதுவும் யோசிக்கவில்லை.

நாற்பத்தொரு முழு ஓடுகள் தேறின. துண்டில் சுற்றிப் புட்டுலிக்கின் மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடி என்று சொல்லி, வண்டியை நானே ஓட்டினேன். விமான நிலையத்தில் துண்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் சில்லுகள். பதினேழுதான் முழுசு.

"மேல உக்காந்தியாடா?"

"மடியை விட்டு இறக்கவே இல்ல அண்ணி."

"உன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். ஆறு வருஷமா இதே வண்டி, இதே துண்டு. ஒரு தடவை ஒண்ணு உடைஞ்சிருக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அலாசி அக்கா வாயில் நறநறத்ததும் மணல் அல்ல. அவனும் என்னையே பார்த்தான்.

முழு ஓடு ஒன்றை எடுத்து வண்டியின் கண்ணாடியில் ஒரு இழுப்பு இழுத்தான். அது அவன் விரல்களுக்குள்ளேயே நொறுங்கியது. சட்டைப்பையிலிருந்து தன் பழைய ஓட்டை எடுத்து அதே இடத்தில் இழுத்தான். பனி பட்டையாகப் பெயர்ந்து வந்தது.

"இப்ப பதினாறாக்கிட்டியேடா," என்றேன். குரலில் கோபம் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"அடுத்த வருஷம் அந்தப் பாறையில சிப்பி இருக்குமா அண்ணி?"

"தெரியலடா."

முப்பது தேறாவிட்டாலும் இருந்த பதினாறையும் பெட்டியில் அடுக்கினேன், சில்லுகளையும் வழித்துப் போட்டேன். "அவங்க ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கட்டும்," என்று அவன் தன் பழைய ஓட்டையும் உள்ளே வைத்தான்.

"அப்ப எதால சுரண்டுவே?"

"நகம் இருக்கு."

பெட்டியோடு போகும் தாளில், உடைந்திருந்தால் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. துண்டைப் பிரித்ததுமே அதில் புட்டுலிக்கின் பெயரை எழுதுவதாகத்தான் இருந்தேன். 'யாரும் உடைக்கவில்லை' என்று எழுதினேன். சாட்சிக் கையெழுத்தை அவன் போட்டான்.