கட்டைவிரலுக்கு ஒரு கட்டு

நாலாம் வகுப்பு டீச்சர் அறிவியல் பாடத்தை விரும்பி எடுக்கவில்லை. அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், தலைமை டீச்சர் அதைத் தூக்கி இவள் தலையில் கட்டிவிட்டார். பத்து வருஷமாகக் கணக்கும் கையெழுத்தும் சொல்லிக்கொடுத்து நிம்மதியாக இருந்தவள். ஆனாலும் வந்த வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவள். மனித உடல் பாடத்தைப் புத்தகத்தில் வாசித்துக் கேள்வி பதில் எழுதிப்போடுவானேன், பிள்ளைகள்தான் ஆளுக்கொரு உடம்போடு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று முடிவுகட்டினாள்.

அதிலிருந்து வகுப்பு அமர்க்களம்தான். பழைய காலண்டர் தாளை ஒட்டித் தரையில் விரித்து, அதில் ஒருவரை ஒருவர் படுக்கவைத்துச் சுற்றிலும் கோடு போட்டார்கள். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, உள்ளே ஒரு பலூனும் அடியில் வெட்டிய பலூனும் மாட்டி நுரையீரல் செய்தார்கள். அந்த நுரையீரல் செய்கிறபோதுதான் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி இடதுகைக் கட்டைவிரலைக் கத்தரிக்கோலால் கீறிக்கொண்டாள். டீச்சரே மருந்து வைத்து, விரல் பூசணிக்காய் மாதிரி ஆகும்வரை துணியைச் சுற்றிவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்குக் கட்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் ஸ்பீக்கர். அவன் மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் நாடி பார்க்கிற பாடம். டீச்சர் இடதுகைக் கட்டைவிரலை மணிக்கட்டில் அழுத்தி, ஒரு நிமிஷத்துக்கு வலதுகையால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். இந்த வித்தையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? டிவி சீரியல் டாக்டர்கள்தான், வேறு யார். பிறகு வகுப்பு வாசலிலேயே நிறுத்தி, ஆயாவுக்கும் தலைமை டீச்சருக்கும் நாடி பார்த்தாள். தனக்கு எண்பத்தெட்டு, ஆயாவுக்கு எண்பத்தெட்டு, தலைமை டீச்சருக்கும் எண்பத்தெட்டு. தலைமை டீச்சர் பூரித்துப்போனார்.

"பாத்தியா, நம்ம ஸ்கூலே ஒரே குடும்பம்னு நான் சும்மாவா சொல்றேன்!" என்றார். பிள்ளைகள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெரிய அட்டையில் இதையெல்லாம் எழுதி மாட்டச் சொல்லிவிட்டும் போனார்.

வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் நாடி பார்த்து எழுதிவர வேண்டும்.

திங்கட்கிழமை தாள்கள் வந்தன. டீச்சர் புரட்டப் புரட்டக் கோபம் தலைக்கேறியது. ஸ்பீக்கர் வீட்டில் அவனுக்கு 94, அப்பாவுக்கு 94, அம்மாவுக்கு 95, தம்பிக்கு 94. அடுத்த பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் 90. இன்னொரு வீட்டில் எல்லாருக்கும் 99. உட்கார்ந்த இடத்தில் ஒரு நம்பரை வைத்து எல்லாருக்கும் அடித்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"என்னை என்ன கேணச்சின்னு நெனச்சீங்களா? யாரு நெஜமா எண்ணினீங்க, எந்திரிங்க பாப்போம்!"

முப்பத்தெட்டு பேரும் எழுந்து நின்றார்கள். சத்தியம் செய்தார்கள். சிலர் கோடு போட்ட தாளையே நீட்டினார்கள். ஸ்பீக்கர்தான் விளக்கம் சொன்னான்.

"ஒரே குடும்பம் டீச்சர், அதான் ஒரே மாதிரி அடிக்குது. பெரிய டீச்சரே சொன்னாங்களே!"

டீச்சருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ம்... இருக்கலாம்" என்று பூசி மெழுகினாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கடைசித் தாள் கட்டுக்காரியுடையது. நான் 96. அம்மா 80. அண்ணன் 85. அவர் 61. இதில் மட்டும் ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

"அவர்னா யாரும்மா?"

"அம்மா போன வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கல்ல, அவர்" என்றாள் கட்டுக்காரி. "அண்ணன் அவரோட பையன்."

"அப்போ அவங்க யாரும் உன் குடும்பமே இல்ல!" என்று ஸ்பீக்கர் கத்தினான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. கண்டுபிடித்த குஷியில் வாயை விட்டுவிட்டான். "உங்கம்மா கூட இல்ல!"

அதற்குள் மணி அடித்தது, வகுப்பு ஓடியது. டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கட்டுக்காரி கட்டுப்போட்ட விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் வேறு தாள் கொண்டுவந்தாள். நான் 96, அம்மா 96, அண்ணன் 96, அவர் 96. கடைசி வரியில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அந்த இடமே ஓட்டையாகியிருந்தது. டீச்சர் அதை வாங்கி மேஜைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால், காக்கி உடுப்பும் கையில் கருவிப் பையுமாக ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக். கட்டுக்காரியின் 'அவர்'.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நாடி தொண்ணூத்தாறுலயே நிக்கிறதுக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்கா?"

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எதுக்குங்க?"

"பாப்பா திங்கக்கிழமை ஸ்கூல்லேர்ந்து வந்ததும் மாடி ஏறி எறங்குங்கன்னா. நாலு மாடி. நானும் ஏதோ விளையாட்டுன்னு ஏறினேன். கையப் புடிச்சு எண்ணிட்டு, இன்னும் பத்தலைங்கறா. மூணாவது தடவ ஏறினப்போ தொண்ணூத்தாறு வந்திருச்சு. என்னா சந்தோஷம்ங்கறீங்க! ஓடிப்போய் எழுதினா. அப்புறம் அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் புடிச்சுப் பாத்தா, எறங்கிடுச்சு. அப்படி ஒரு அழுகை. வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துல என் கையை அவளாப் புடிச்சது இந்த நாடி பாக்க ஆரம்பிச்சப்பதான் டீச்சர் மொதல் தடவ. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

வெட்கம் டீச்சரைப் பிடுங்கித் தின்றது. எதையாவது செய்தாக வேண்டுமே என்று, "கையக் காட்டுங்க" என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டைவிரலை வைத்து எண்ணினாள். எண்பத்தெட்டு.

"எண்பத்தெட்டா?" அவர் சிரித்தார். "அதெப்படி? பாப்பா அறுபத்தொண்ணுன்னாளே. எங்க கம்பெனி டாக்டரும் வருஷா வருஷம் அறுபதுன்னுதான் எழுதறார். நாள் பூரா படியேறுற உடம்பு இது."

எண்பத்தெட்டு. ஆயாவுக்கு, தலைமை டீச்சருக்கு, இப்போது இந்த மனிதருக்கும். ஆனால் அது யாருடைய எண்பத்தெட்டு? டீச்சர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாப்பா எப்படிப் புடிச்சா? காட்டுங்க."

"கட்டைவிரல்ல கட்டு இருக்கில்ல? அதனால இந்த ரெண்டு விரலை வெச்சா." ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காட்டினார்.

டீச்சர் அதேபோல் வைத்தாள். டொக்... டொக்... நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல். அறுபத்தொன்று.

கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு. அதை வைத்து அழுத்தினால் அடுத்தவர் நாடி எங்கே கேட்கும், தன் நாடிதான் தனக்குக் கேட்கும். முப்பத்தெட்டு பிள்ளைகளும் நேர்மையாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். அவரவர் வீட்டில் அவரவர் இதயத்தையே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சரியாக எண்ணியது, கட்டைவிரல் பயன்படாத ஒருத்தி மட்டும்தான்.

"நீங்களும் கிளாசுக்கு வாங்க" என்றாள் டீச்சர். மெக்கானிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானே தப்புச் செய்தவர்போலப் பின்னால் போனார்.

தலைமை டீச்சர் எழுதச் சொன்ன அட்டை வகுப்புச் சுவரில் பளபளவென்று தொங்கியது. டீச்சர் அதைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தாள்.

"எல்லாரும் கவனிங்க. நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். நாடியைக் கட்டைவிரலால புடிக்கவே கூடாது. அப்புறம் ஒரே குடும்பம்னா ஒரே மாதிரி அடிக்கும்னு சொன்னப்போ, இருக்கலாம்னேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு. எனக்குத் தெரியல. தெரியாம சொல்லிட்டேன்."

டீச்சர் தப்புச் செய்து பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

முதலுதவிப் பெட்டியிலிருந்த துணிச்சுருள் அத்தனையும் அன்று காலி. முப்பத்தெட்டு கட்டைவிரல்களுக்கும் கட்டு விழுந்தது. கட்டுவது எப்படி, எந்த இரண்டு விரலை எங்கே வைப்பது என்று பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காட்டியவள் கட்டுக்காரிதான். டீச்சருக்கும் அவளே கட்டினாள்.

"ரொம்ப இறுக்காதடி, விரல் செத்துடும்."

"நீங்க எனக்கு இதைவிட இறுக்கமாக் கட்டினீங்க டீச்சர்."

பிறகு ஜோடி ஜோடியாக எண்ணினார்கள். 82, 97, 89, 103. ஒன்றோடொன்று சேரவில்லை. அடுத்த நாள் புதிதாக எண்ணிய வீட்டுத் தாள்கள் வந்தபோது எல்லார் வீட்டு நம்பரும் கலைந்து கிடந்தது. ஸ்பீக்கர் தன் தாளை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனான். அப்பா 70, அம்மா 77, தம்பி 108.

"எங்க வீட்லயும் வேற வேறதான்" என்றான், வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக. "சாரி."

"உன் தம்பி சின்னவன்ல, அதான் வேகமா அடிக்குது" என்றாள் கட்டுக்காரி. "பயப்படாத."

சனிக்கிழமை வந்தது. தலைமை டீச்சர் புது அட்டையில் தன் பெயருக்கு நேரே 74 என்று இருப்பதைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "அப்போ நாம ஒரே குடும்பம் இல்லையா?"

"குடும்பம்தான் டீச்சர். நாடிதான் வேற."

அட்டையில் அவரவர் வீட்டை அவரவரே எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். மெக்கானிக் காக்கியைக் கழற்றிவிட்டுத் தோய்த்த சட்டையில் வந்திருந்தார். மனைவியும் மகனும் நுரையீரல் பாட்டிலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அட்டைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினார். கடைசியில் கிடைத்தது.

நான் 96. அம்மா 80. அண்ணன் 85. அப்பா 61.

அதற்குக் கீழே, இடம் போதாமல் பொடி எழுத்தில், இன்னொரு வரி: எனக்காக மாடி ஏறினப்போ 96.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் வந்து நின்றவளிடம், "பாப்பா, இப்ப எண்ணிப்பாரு, நூறைத் தாண்டியிருக்கும்" என்றார்.

கட்டுக்காரி அவர் கையை இழுத்து இரண்டு விரலை வைத்தாள், கண்ணைக் கடிகாரத்தில் நிறுத்தினாள்.

"பேசாம இருங்கப்பா, எண்ணிக்கை தப்பிடும்."