மஞ்சள் பொட்டில் ஒரு கட்டைவிரல்

1

“ஏட்டி, பெயிண்டுக்குள்ள ஒரு பிள்ள வளருமா?”

நிர்மலாதேவி அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள். பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

(முதலில் ‘குற்றாலத்தில் சாரல்’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். சாரல் எல்லார் கதையிலும் விழுகிறது.)

2

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் நிர்மலாவின் பட்டறை. பழைய கார்களின் சஸ்பென்ஷன் பாகங்களைத் துருவெடுத்து, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிறத்துக்கே கொண்டுவருவாள். கறுப்பு பெயிண்ட் அன்று வழிந்திருந்தால் இன்றும் வழியவிடுவாள். கம்பெனியில் சரிபார்த்தவர் அடையாளமாக வைத்த மஞ்சள் பொட்டைக்கூடப் போட்டோ எடுத்து, அழித்து, அதே இடத்தில் புதிதாக வைப்பாள்.

கீழப்பாவூர் விஜயசங்கர் தன் பழைய பியட் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைக் கொடுத்திருந்தார். அழுக்குக்கடியில் மஞ்சள் பொட்டு. அதில் சின்னதாக ஒரு கட்டைவிரல் ரேகை. கம்பெனிக்காரன் கை பட்டிருக்கும் என்று நினைத்த நிர்மலா, வழக்கம்போல் அழித்த பிறகுதான் போட்டோவை அவருக்கு அனுப்பினாள்.

அவர் உடனே போன் செய்தார். மங்கிய பொட்டின்மேல் அவரே ஒருமுறை மஞ்சள் வைத்தாராம். காயுமுன் மகள் சஹானா தொட்டுவிட்டாளாம். அடுத்த குற்றாலச் சீசனில், ஏழு வயதில், அருவித் தண்ணீரோடு போனவள் அவள். அவளுடையதென்று மிஞ்சியிருந்த ஒரே தடம் அது.

(அவர் இங்கே அழ வேண்டுமா? எழுதிப் பார்த்தேன். அழ மாட்டேன் என்கிறார்.)

3

நிர்மலா புதுப் பொட்டு வைத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனாள். காலையில் அதில் ரேகை இருந்தது. கொஞ்சம் பெரிதாக.

விஜயசங்கரிடம் சொன்னாள். அவர் உடனே கேட்டார்.

“இன்னொருக்க துடைச்சுப் பாரும்மா.”

துடைத்து வைத்தாள். ரேகை இன்னும் பெரிதாக வந்தது. அவர் மறுபடி கேட்டார். ஒவ்வொரு பொட்டிலும் அவள் வளர்ந்தாள். பொட்டு மட்டும் எப்போதும் அதே அளவில்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பயமாக இருக்கிறது.)

4

கடைசிப் பொட்டைப் பார்க்க அவரே வந்தார். அன்று நானும் பட்டறையில் இருந்தேன். ரேகையைப் பார்த்து, மகள் இருந்திருந்தால் இப்போது இந்த வயதுதான் என்றார்.

நிர்மலா கையில், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி.

“அண்ணாச்சி, இதுக்கு மேல துடைச்சா வயசுல நம்மளத் தாண்டிப் போயிருவா. விட்டா காஞ்சிரும். அதோட நின்னுருவா.”

5

முடிவு ஒன்று: துணியை வாங்கித் துடைக்கிறார். மகள் அவர் கண்முன் கிழவியாகிறாள்.

முடிவு இரண்டு: காயவிடச் சொல்கிறார். சஹானா இரண்டாவது தடவையும்

இரண்டையும் என்னால் எழுத முடியவில்லை. பொட்டு இன்னும் ஈரமாக இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். விஜயசங்கர் தன் கட்டைவிரலை ரேகைக்குப் பக்கத்தில், படாமல், பிடித்துப் பார்த்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டி, சாலையில் இறங்கினார்.